40 மணி நேரக் குரலை என்ன செய்வது?

கிள்ளை பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "பிச்சாவரத்தை ஒட்டிய இருளர் குடியிருப்புகளில் பெரியவர்களைப் பேச வைத்து மூன்று வருடமாகப் போனில் பதிவு செய்து வருகிறேன். மொத்தம் 40 மணி நேரம் இருக்கும். மீன், மரம், மருந்து, பாட்டு, கதை எல்லாம் கலந்து கிடக்கிறது. இருளர் மொழி அழிந்துவிடக் கூடாது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிட நினைக்கிறேன். எந்த உரிமத்தில், எங்கே போடுவது?" மாதிரிக்கு மூன்று நிமிடத் துண்டு ஒன்றும் அனுப்பியிருந்தார்.

தம்பி, சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: எல்லாவற்றையும் போட வேண்டாம். சிலதைத் தாராளமாகப் பொதுவில் வைக்கலாம். சிலதை அந்தக் குடியிருப்புக்குள் மட்டும் வைக்க வேண்டும். சிலது உங்கள் கையிலேயே இருக்கக் கூடாது. எது எந்தப் பக்கம் என்று பிரிப்பதற்குள் ஆறு மாதம் ஓடிவிடும். உரிமம் எது, தளம் எது என்பதெல்லாம் அதற்குப் பிறகு ஒரு சாயங்கால வேலை. புதுச்சேரியில் உட்கார்ந்து ஓலையையும் ஒலிநாடாவையும் டிஜிட்டலாக்குவதில் எனக்கு 15 வருடம் போயிருக்கிறது. நான் செய்த தப்பையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்விக்குள் ஒரு சின்னத் திருத்தம். 'இருளர் மொழி' என்று மொழியியல் நூல்களில் வருவது பெரும்பாலும் நீலகிரி இருளர் பேசுவது. அது தமிழுக்கு நெருங்கிய தனித் திராவிட மொழி. நம் எழுத்துக்குள் அடங்காத உயிரொலிகள் அதில் உண்டு. செக் நாட்டு மொழியறிஞர் கமில் சுவலெபில் 1970களில் விரிவாக ஆராய்ந்தது அதைத்தான். கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டு, புதுச்சேரிச் சமவெளி இருளர் பேசுவது பெரும்பாலும் தமிழ். தங்களுக்கே உரிய சொல்லும் இழுப்பும் கொண்ட தமிழ். இதைச் சொன்னதும் "அப்போ அதில் பதிவு செய்ய என்ன இருக்கு?" என்று படித்த ஒருவர் என்னிடமே கேட்டார். எனக்கு நேர்மாறாகத்தான் படுகிறது. தனி மொழி என்றால் அதைத் தேடி யாராவது வருவார்கள். மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 10,000 பேருக்கும் குறைவானோர் பேசும் மொழிகளுக்காக 2013ல் ஒரு திட்டமே தொடங்கியது. தமிழின் ஒரு வழக்கு எந்தக் கணக்கிலும் வராது. பிள்ளை ஒன்றாம் வகுப்பில் வாய் திறந்த அன்றே 'கொச்சை' என்று திருத்தப்பட்டுப் போய்ச் சேரும். வாத்தியாரான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே தலைப்பில் 'இருளர் மொழி' என்று போடாமல், 'கிள்ளை வட்டார இருளர் பேச்சு' என்று ஊரோடு சேர்த்து எழுதுங்கள். நாளைக்கு யாராவது நீலகிரிப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது குழம்ப மாட்டார்கள்.

உங்களிடம் இருப்பதில் மதிப்பு மிகுந்தது மருந்துப் பேச்சு என்று நினைத்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நானாக இருந்தால் முதலில் இறால் தடவும் பேச்சைத்தான் கையில் எடுப்பேன். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற அந்தச் சதுப்பில், இடுப்பளவு மார்பளவு தண்ணீரில் இறங்கி, பறி என்ற மீன்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறாலை அமுக்கிப் பிடிக்கிறார்களே, அந்த வேலைக்குள் எத்தனை சொல் இருக்கும்! தண்ணீர் ஏறும்போது ஒரு பேர், வத்தும்போது ஒரு பேர், இரண்டுக்கும் நடுவில் அசையாமல் நிற்கும் கொஞ்ச நேரத்துக்கு என்ன பேர்? கால் புதையும் சேற்றுக்கும் கால் வழுக்கும் சேற்றுக்கும் ஒரே சொல்லா? விரலில் பட்டது இறாலா நண்டா கெளுத்தியா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்கிறார்கள், அதைச் சொல்லிக் கொடுக்கும்போது பிள்ளைக்கு எந்த வார்த்தையில் சொல்கிறார்கள்? இதை எந்த அகராதியும் எழுதி வைக்கவில்லை. படகும் வலையும் வாங்க வழி வந்த வீட்டில் பேரன் தண்ணீரில் இறங்குவதில்லை. வேலை போனால் சொல்லும் கூடவே போகும்.

இப்படி ஒரு சொல்லைப் பதியும்போது சொல்லை மட்டும் எடுக்காதீர்கள். காற்றுப் பெயர்களைப் பாருங்கள். பழைய நூல் வழக்கில் கொண்டல் கீழ்க்காற்று, கோடை மேல்காற்று, வாடை வடகாற்று, தென்றல் தென்காற்று. கடற்கரைக்கு வந்தால் கச்சானும் சோழகமும் சேர்ந்துகொள்ளும், ஊருக்கு ஊர் இவற்றின் திசை கொஞ்சம் நகரும். "கொண்டல் என்றால் என்ன?" என்று அறைக்குள் உட்கார்ந்து கேட்டால் அரைகுறைப் பதில்தான் வரும். கொண்டல் அடிக்கிற நாளில் கரையில் நின்று, "இப்ப அடிக்கிறது என்ன காத்து தாத்தா, இதுக்கு என்ன மீன் வரும்?" என்று கேட்க வேண்டும். மாதம், இடம், காற்று வந்த பக்கம் மூன்றையும் குறித்தால்தான் அந்தச் சொல் நாளைக்கு யாருக்காவது உதவும். தில்லை மரமும் அப்படித்தான். சிதம்பரத்துக்குப் பேர் கொடுத்த மரம். இன்று அதைப் பார்க்க வேண்டுமென்றால் பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அதன் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. "தில்லை, ஒரு சதுப்பு நில மரம்" என்று பதிவதில் என்ன இருக்கிறது? அதை எப்படி வெட்டுவார்கள், காற்று எந்தப் பக்கம் இருக்கும்போது கிட்டப் போக மாட்டார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேளுங்கள்.

இந்த வகைப் பேச்சை, சொன்னவர் சம்மதித்தால், கண்ணை மூடிக்கொண்டு பொதுவில் வைக்கலாம். சுரபுன்னை மரத்துக்கும் பறிக்கும் சேற்றுக்கும் பேர் தெரிந்து யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

மருந்து வேறு கதை. பல வருடம் முன்பு புதுச்சேரியை அடுத்த பாகூர் பக்கம் ஒரு பெரியவர் பாம்புக்கடிக்கு என்ன வேர், எப்படி எடுப்பது என்று எனக்குச் சொன்னார். நல்ல குரல், நல்ல பதிவு. எனக்கோ 'அறிவு எல்லோருக்கும் பொது' என்ற வேகம். அவர் பெயரோடு, ஊரோடு, யாரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்தில் ஏற்றிவிட்டேன். இரண்டு வருடத்தில் அவர் இறந்துபோனார். அதற்கப்புறம் ஒரு நாள் அவர் மகன் தேடிக்கொண்டு வந்தார். டீக்கடையில் யாரோ போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்க, அதிலிருந்து அப்பா குரல் வந்திருக்கிறது. பின்னால் மேளச் சத்தம், மேலே 'ரகசிய மூலிகை' என்று பெரிய எழுத்து. "செத்த மனுசன் குரல கடையில நின்னு கேட்டேன் சார்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஏற்றியதை நான் எடுத்துவிட்டேன். பிரதி எடுத்துப் போனவர்களை என்ன செய்ய முடியும்? சட்டப்படி அவர்கள் செய்தது சரி. அந்த உரிமத்தைக் கொடுத்ததே நான்தான். இன்னொரு பயமும் இருக்கிறது: அந்த வீடியோவை நம்பி யாராவது ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வேரைத் தேடியிருந்தால்? பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்துதான் வழி. அந்த மருந்து செய்ய விஷம் எடுத்துக் கொடுப்பவர்களே இருளர்கள்தான். வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிலிருந்தும் விஷம் எடுக்கிறது. பாம்பு பிடிக்கும் இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்தத் திறமைக்காகத்தான்.

நீங்கள் எதிர்வாதம் செய்யலாம்: "மறைத்து வைத்தால் வெளிநாட்டுக்காரன் காப்புரிமை வாங்கிவிட மாட்டானா?" நியாயமான கேள்வி. மஞ்சள் புண் ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995ல் காப்புரிமை கொடுத்தார்கள். நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் அச்சில் இருந்த பழைய சான்றுகளைக் காட்டி 1997ல் அதை ரத்து செய்ய வைத்தது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் வெளிநாட்டில் வாய்வழியாகப் புழங்கும் அறிவு சான்றாக எடுபடாது. எழுத்தில் இருக்க வேண்டும். அதிலிருந்துதான் 2001ல் மரபறிவு டிஜிட்டல் நூலகம் பிறந்தது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருத்துவ நூல்களிலிருந்து எடுத்து ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் போட்டு வைத்திருக்கிறார்கள். காப்புரிமை அலுவலகங்கள் படிப்பதற்காகக் கட்டியது அது. சித்தர் பாட்டு ஜப்பானிய மொழியில் இருக்கும், பாகூர்க்காரர் எளிதில் திறந்து பார்க்க முடியாது! அதோடு, அது ஏட்டில் ஏறிய மருத்துவத்துக்கான நூலகம். ஏட்டில் ஏறாத உங்கள் ஆயாவின் அறிவுக்கு அங்கே இடமில்லை.

ஆகவே நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. மஞ்சள், வேம்பு, தூதுவளை மாதிரி ஊரே அறிந்ததைப் பதிந்து பொதுவில் வைப்பது பாதுகாப்பு. ஒரு குடும்பத்துக்கோ நாலு பேருக்கோ மட்டும் தெரிந்ததைப் பொதுவில் வைப்பது தூக்கிக் கொடுப்பது. அகத்தியமலைக் காணிக்காரப் பழங்குடியினர் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை ஆராய்ச்சியாளர்களுக்குக் காட்டியது 1987ல். அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது, வருமானத்தில் அவர்களுக்கும் பங்கு என்று ஏற்பாடானது. பங்கு போதுமா, முறையாகப் போய்ச் சேர்ந்ததா என்று இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் பேரம் பேச அவர்களிடம் ஏதோ இருந்தது. இணையத்தில் ஏற்றியிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

சட்டமும் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதுதான் சங்கடம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமையாளர், பதிவு செய்தவரான நீங்கள், 60 ஆண்டுக்கு. பாடிக் காட்டிய ஆயாவுக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு உண்டு. அவர் சொன்ன முறைக்கும் சொல்லுக்கும் உரிமை என்று அந்தச் சட்டத்தில் ஒன்றுமில்லை. 2006 வன உரிமைச் சட்டம் மரபறிவின் மீது சமூக உரிமையை ஒப்புக்கொள்கிறது என்பது மட்டும் ஆறுதல். இதனால் 'சம்மதப் படிவம்' என்ற ஒரு தாளில் ரேகை வாங்கிவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். நான் இப்போது மூன்று தடவை கேட்கிறேன். பதிவுக்கு முன்னால் ஒரு தடவை. முடிந்ததும் போட்டுக் காட்டி ஒரு தடவை. வெளியிடுவதற்கு முன், வீட்டில் பிள்ளைகளும் இருக்கும்போது ஒரு தடவை. மூன்றாவதில்தான் உண்மையான பதில் வரும். ஒரு ஆயா இரண்டு முறை சரி என்று தலையாட்டிவிட்டு, மூன்றாவது முறை கேட்டார்: "இத எம் பேரப்புள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டுவியா, இல்ல ஊர்ல இருக்கறவனுக்கு மட்டுந்தானா?" சாமிப் பாட்டை வேண்டாம் என்றார், மீன் பாட்டைப் போடச் சொன்னார். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மாவைக் கும்பிடும் ஜனத்துக்கு எந்தப் பாட்டு எப்போது பாடலாம் என்பது தெரியும். நமக்குத்தான் தெரியாது.

இதில் உலகத்தில் நாம் மட்டும் தவிக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் வாருமுங்கு பழங்குடி மக்களோடு சேர்ந்து முக்குர்ட்டு என்றொரு மென்பொருள் செய்தார்கள். இன்ன பதிவை இன்ன உறவுக்காரர் மட்டும், பெண்கள் மட்டும் பார்க்கலாம் என்று அதில் வைக்க முடியும். இலவசம்தான். நியூசிலாந்தில் மாவோரி வானொலிக்காரர்களான தே ஹிக்கு மீடியா 2018ல் பத்தே நாளில் 300 மணி நேரத்துக்கு மேல் குரல் சேர்த்தார்கள். பெரிய நிறுவனங்களுக்குத் தூக்கிக் கொடுக்காமல், காவல் பொறுப்பு என்ற பொருள் வரும் தங்கள் சொல்லாலேயே ஒரு உரிமம் எழுதி, பேச்சைப் புரிந்துகொள்ளும் கருவியைத் தாங்களே செய்துகொண்டார்கள். இன்று நீங்கள் பொதுவில் வைக்கும் எந்தக் குரலும் ஏதாவது ஒரு இயந்திரத்துக்குப் பாடமாகும். அதைச் சம்மதம் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். "மிஷின் உங்க மாதிரிப் பேசக் கத்துக்கும் ஆயா" என்றால் புரிந்துகொள்கிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் வேண்டாம் என்கிறார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில். பொதுவில் வைக்கத் தேறியதை, விக்கிப்பீடியாவின் பொதுக் கோப்புக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுங்கள். அங்கே 'வணிகத்துக்குக் கூடாது' என்ற நிபந்தனையோடு ஏற்ற முடியாது. பெயர் சொல்லி, அதே உரிமத்தில் பகிரலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் வகைதான் நமக்குப் பொருந்தும். கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதை மறக்க வேண்டாம். தனிச் சொற்களுக்கு லிங்குவா லிப்ரே என்ற கருவி இருக்கிறது. ஒரு சொல், ஒரு குரல் என்று வேகமாகப் பதிந்து அதுவே காமன்ஸுக்கு அனுப்பிவிடும். அங்கிருந்து தமிழ் விக்சனரி என்ற இணைய அகராதியில் சேர்க்கலாம். முழுக் கதைகளுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் காப்பகம் போதும்.

பதிவின் தரம் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. போனின் ரெக்கார்டரில் ஒலியைச் சுருக்காத வேவ் வகையைத் தேர்ந்தெடுங்கள், 48 கிலோஹெர்ட்ஸ். வாட்ஸ்ஆப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் ஒலி சுருங்கிவிடும், அதை மூலமாக வைக்காதீர்கள். மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள். உங்கள் மாதிரித் துண்டில் பாதி கடல் காற்றுதான் பேசுகிறது. எழுத்தில் இறக்கும்போது 'வாயப்பயம்' என்று சொன்னால் 'வாயப்பயம்' என்றே எழுதி, கீழே தனி வரியில் வாழைப்பழம் என்று கொடுங்கள். ஈலான் என்ற இலவச மென்பொருளில் ஒலிக்கு நேராக இரண்டு வரியையும் வைக்கலாம். மூன்று பிரதி எடுங்கள், அதில் ஒன்று கடலூர் மாவட்டத்துக்கு வெளியே இருக்கட்டும். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம் என்று பார்த்த ஊர்க்காரருக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் உள்ள சைவ ஓலைச்சுவடிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2005ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியவை. அங்கே இன்னொரு வேலையும் நடந்தது. பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்ப்புகள், நிலப் பத்திரங்கள் மாதிரி வீடுகளில் கிடந்த தாள்களைப் படமெடுத்தார்கள். மூலத்தை நாட்டை விட்டு எடுத்துப் போவதில்லை, பிரதி மட்டும்தான் போகும் என்பது அந்தத் திட்டத்தின் விதி. குரலுக்கும் அதே விதியை வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிரதி பேசியவர் வீட்டுக்கு. எப்படி? பென் டிரைவ் வேண்டாம், அவர்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது. மெமரி கார்டில் போட்டு, இருக்கிற பட்டன் போனிலோ ஸ்பீக்கர் பெட்டியிலோ செருகிப் போட்டுக் காட்டுங்கள்.

இங்கே நம் பக்கத்துப் பாடமே ஒன்று இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் புதுச்சேரி வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்கள் தொடங்கியது. அலையின் உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து, வீராம்பட்டினம் கரையில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போனைக் கேட்டு, நல்லவாடு மையத்தின் ஒலிபெருக்கியில் ஓடச் சொல்லிக் கத்தினார்கள். 3,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஊர் பிழைத்தது. கம்ப்யூட்டரும் இணையமும் பாதி தூரம்தான் வந்தன. மிச்சத்தைக் கடந்தது மனிதக் குரல். உங்கள் பதிவும் திரும்பிப் போக வேண்டிய வழி அதுதான்: சாயங்காலம் குடியிருப்பில் ஒரு ஸ்பீக்கர், உங்கள் வகுப்பில் வாரம் ஒரு சொல். இருளர் பிள்ளை தன் ஆயா குரலை வகுப்பில் கேட்கட்டும். மற்ற பிள்ளைகளும் கேட்கட்டும்.

கடைசியாக அந்த மாதிரித் துண்டு. அதில் ஒருவர் தன் பெயரைச் சொல்லி, எந்த மேட்டில், எந்த மாதம், உடும்பை எப்படிப் பிடித்தேன் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். அருமையான பேச்சு, தடம் பார்க்கும் அறிவை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடிப்பதே குற்றம். அந்த மூன்று நிமிடம் அவருக்கு எதிரான ஒப்புதல் வாக்குமூலம். எந்தத் திருட்டு நடந்தாலும் முதலில் இருளர் குடியிருப்பைத் தேடிப் போலீஸ் வண்டி வருகிற நாட்டில், இதையும் நாமே எடுத்துக் கொடுக்க வேண்டாம். தடம் பார்க்கும் முறையை மட்டும் பெயரும் இடமும் இல்லாமல் மறுபடி சொல்லச் சொல்லிப் பதியலாம், அவருக்கு இஷ்டமிருந்தால். நீங்கள் அனுப்பியதை நான் அழித்துவிட்டேன். வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் இன்றைக்கே போன் செய்து அழிக்கச் சொல்லுங்கள்.